பைக்கில் எல்இடி விளக்கு மினுக்குகிறதா? பல்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எல்இடி போட்ட பைக்கில் விளக்கு மினுக்க ஆரம்பித்தால் முதலில் நடப்பது பல்பு மாற்றம்தான். "இது மட்டமான பல்பு சார், வேற போட்டுப் பாருங்க" என்பார் கடைக்காரர். புதுப் பல்பும் சில நாளில் அதே மாதிரி விட்டு விட்டு எரியும். ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் கோளாறு பல்பில் இருப்பதில்லை. வண்டியில் முன்பே இருந்த ஒரு குறையை எல்இடி இப்போது வெளியே காட்டுகிறது.

ஹாலஜன் பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. அது சூடேறி ஒளி தருகிறது. நடுவில் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் இழை ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எல்இடியில் அப்படி மிச்சச் சூடு எதுவும் இல்லை. மின்சாரம் நின்ற அந்தக் கணமே ஒளியும் நின்றுவிடும். ஹோல்டரில் லேசான லூஸ், எர்த் (மைனஸ் மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) போல்ட்டில் துரு, வயசான பேட்டரி என்று ஹாலஜன் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த எல்லாமே எல்இடி போட்டதும் மினுக்கலாகத் தெரிகின்றன.

ஆகவே தேட வேண்டியது வண்டியில். எந்த வரிசையில் தேடினால் நேரமும் பணமும் மிச்சமாகும் என்பதை இங்கே எழுதுகிறேன். நம் சாலைகளில் அதிகம் ஓடும் 100 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

எப்போது மினுக்குகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு மாலை நேரம் வண்டியைக் கவனித்துப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முதல் கேள்வி: இஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் மினுக்குகிறதா? இண்டிகேட்டர், பிரேக் லைட், பார்க்கிங் லைட் எல்லாம் பொதுவாக பேட்டரியில்தான் எரியும் என்பதால் அவற்றை இப்படிப் பார்க்கலாம். இஞ்சின் நின்றிருக்கும்போதும் மினுக்கினால் மேக்னட் காயில் (இஞ்சின் சுழலும்போது மின்சாரம் எடுக்கும் பகுதி), ஆர்.ஆர். யூனிட் (அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பேட்டரி முனை, பியூஸ், சாவி சுவிட்ச், ஒயர், ஹோல்டர், எர்த் இவற்றில் ஏதோ ஒன்றுதான்.

இஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால் எந்த வேகத்தில் என்று பாருங்கள். ஐடிலிங்கில் துடித்து, முறுக்கியதும் சீராகிவிட்டால் பேட்டரி பலவீனம் என்று அர்த்தம். அல்லது ஹெட்லைட் பேட்டரியில் இல்லாமல், காயிலிலிருந்து வரும் ஏசியில் (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) நேராக ஓடுகிறது. முறுக்க முறுக்க வெளிச்சம் ஏறி, அதிக வேகத்தில் பளிச் பளிச் என்று அடித்தால் ஆர்.ஆர். யூனிட்டைச் சந்தேகியுங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் மினுக்கினால் எங்கோ இணைப்பு லூஸ். ஹேண்டிலைத் திருப்பும்போது என்றால் கழுத்துப் பகுதி ஒயர். கிளம்பிக் கால் மணி நேரம் நன்றாக எரிந்துவிட்டு அப்புறம் தொடங்கினால் சூடு. மழையிலோ வாட்டர் சர்வீஸிலோ நனைந்த பிறகு என்றால் கப்ளருக்குள் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) தண்ணீர். இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் கூடவே தாளம் போட்டால் இரண்டுக்கும் பொதுவான எர்த் கெட்டிருக்கிறது, அல்லது பேட்டரி படுத்துவிட்டது.

போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. துடிப்பு ஒரே சீராக, இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் மின்சாரம் வரும் முறையில் கோளாறு. ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று அணைந்தால் இணைப்புக் கோளாறு. ஆனால் கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் கேமராவில் மட்டும் துடிப்பு தெரிந்தால் கவலைப்படத் தேவையில்லை. பல எல்இடி டிரைவர்கள் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த விளக்கை மிக வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. கேமரா அதைப் பிடித்துவிடும்.

தேவையான சாமான்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி, இன்சுலேஷன் டேப், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போதும். இவற்றோடு கழற்றிய பழைய ஹாலஜன் பல்பு ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பின்னால் வருகிறது.

விலை குறைந்த மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் ஏசி ரேஞ்சில் வைத்து 12 வோல்ட் பேட்டரியை அளந்தால் 25, 26 என்று காட்டலாம். முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். பேட்டரியில் ஏசி இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அந்த மீட்டர் உள்ளே வேலை செய்யும் முறை அப்படி. எதையும் முதலில் டிசி (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) ரேஞ்சில் அளந்து பார்த்த பிறகே ஏசிக்குப் போங்கள்.

முதல் படி: பேட்டரி

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி ஆயுள் முடிந்தது. செல்ஃப் ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால் உள்ளே செல் பலவீனமாகிவிட்டது.

அப்புறம் இஞ்சினை ஓட்டுங்கள். ஐடிலிங்கில் 13 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும். 4,000, 5,000 சுற்றுக்கு முறுக்கினால் 13.8 முதல் 14.8க்குள் நிற்க வேண்டும். 13க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜிங்கில் பிரச்சினை. 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்படுத்தவில்லை. அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். எல்இடி டிரைவர் போவதோடு நிற்காது. பேட்டரியும் கொதித்து வீணாகும்.

மினுக்கலுக்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை விட்டு விட்டுத் தள்ளினாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் சீராக வரும். ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வரும் டிசியும் அலை அலையாகத்தான் வருகிறது. அதைச் சமன் செய்வது பேட்டரி. பேட்டரி செத்துப்போனால் அந்த அலை அப்படியே எல்இடிக்குப் போய் ஐடிலிங்கில் துடிக்கும். கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது என்பதற்காகச் செத்த பேட்டரியை வைத்துக்கொண்டே ஓட்டுபவர்கள் நிறைய. அவர்கள் வண்டியில் எந்த எல்இடியும் நிலைக்காது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டு, போல்ட்டை இறுக்கி, மேலே ஜெல்லி தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். பேட்டரியைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனையைப் பழைய மெக்கானிக்குகள் சிலர் இன்னும் செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் இஞ்செக்ஷனுக்கென்று இசியு என்ற சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. திடீரென ஏறும் வோல்டேஜில் அது பழுதானால் செலவு விளக்கோடு முடியாது.

இரண்டாம் படி: ஹெட்லைட் ஏசியா, டிசியா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்இடி வாங்குவதுதான் இந்தத் தொல்லை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு முக்கியக் காரணம். ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது. மேக்னட் காயிலில் விளக்குக்கென்று எடுத்த மஞ்சள் ஒயர் வழியாக ஏசி நேராகப் போகும். சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கி, முறுக்கினால் பிரகாசமாவது அந்த வண்டிகளின் பழைய குணம்.

ஏசி மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொட்டுத்தான் எழும். மேக்னட்டில் 6 துருவம் இருந்து, ஐடிலிங் 1,400 சுற்று என்றால் வினாடிக்கு 70 சுழற்சி. டிசிக்கு மட்டும் செய்த எல்இடி இதில் ஒரு பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு மறு பாதியில் அணைந்துவிடும். அதாவது வினாடிக்கு 70 முறை அணைந்து எரியும். நேராகப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். தலையைத் திருப்பினாலோ ஓரக்கண்ணில் பட்டாலோ துடிப்பு தெரியும். இரவில் கண்ணுக்குச் சோர்வு தருவது இதுதான்.

உங்கள் வண்டி எந்த வகை? இஞ்சின் நின்றிருக்கும்போது சாவி போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரிந்தால் டிசி. எரியாவிட்டால் உடனே ஏசி என்று முடிவு கட்டக் கூடாது. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிவது கட்டாயமான பிறகு, இஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும்படி பல வண்டிகள் வருகின்றன. அவற்றில் டிசியும் உண்டு. எனவே பழைய ஹாலஜனை மாட்டி, இஞ்சினை ஓட்டி, ஹெட்லைட் கப்ளரில் டிசி ரேஞ்சில் அளந்து பாருங்கள். 13, 14 என்று அசையாமல் நின்றால் டிசி. பூஜ்யம் பக்கத்தில் தடுமாறினால் ஏசி ரேஞ்சுக்கு மாற்றுங்கள். அங்கே 11 முதல் 14 வரை காட்டி, முறுக்கும்போது ஏறினால் ஏசி உறுதி.

ஏசி வண்டி என்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. எளிதானது, ஏசி, டிசி இரண்டிலும் எரியும் என்று குறிப்பிட்ட எல்இடி பல்பு. அதற்குள்ளேயே ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், அலையைச் சமன் செய்யும் சிறிய கெப்பாசிட்டரும் இருக்கும். ஐடிலிங்கில் லேசான துடிப்பு மிச்சம் இருக்கலாம், ஓடும்போது சரியாகிவிடும். தினமும் பக்கத்து ஊருக்குப் போய் வருபவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, வெளியே தனியாக ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், 4,700 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டரும் போடுவது. கேட்க எளிது, ஒரு கண்ணி உண்டு. இந்த வண்டிகளில் விளக்குக் காயிலின் ஒரு முனை ஏற்கெனவே பாடியில் எர்த் ஆகியிருக்கும். பிரிட்ஜின் மைனஸையும் பாடியில் கொடுத்தால் உள்ளே ஒரு டயோடு வழியாக ஷார்ட் ஆகும். எல்இடியின் மைனஸ் பிரிட்ஜின் மைனஸுக்கு மட்டுமே தனி ஒயரில் போக வேண்டும், பாடியைத் தொடவே கூடாது. டிம், பிரைட் இரண்டும் உள்ள ஹெட்லைட்டில் இந்த ஒயரிங் குழப்பமாகிவிடும். ஒற்றை ஃபாக் லைட்டுக்குச் சரி, ஹெட்லைட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றுவது. விளக்கு சுவிட்சுக்குப் போகும் மஞ்சள் ஒயரைப் பிரித்து, முனையை நன்றாக இன்சுலேட் செய்துவிட்டு, அந்த இடத்தில் சாவிக்குப் பின் வரும் பேட்டரி சப்ளையை பியூஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் மஞ்சளைத் தொடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் பல்பும் டெயில் லைட்டும் பெரும்பாலும் இதே லைனில்தான் இருக்கும். அவற்றையும் எல்இடி ஆக்கி, மொத்தம் 15 வாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் சார்ஜிங்குக்கு வருவது கொஞ்சம்தான். விளக்கு எரியும்போது ஐடிலிங்கில் பேட்டரி 12.8க்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் சில நாளில் பேட்டரி காலியாகும்.

நான்காவது வழி ஃபுல் வேவ் மாற்றம், அதாவது ஏசியின் இரண்டு பாதியையும் டிசியாக்கிப் பயன்படுத்துவது. மேக்னட் கவரைத் திறந்து, பாடியில் எர்த் ஆகியிருக்கும் காயில் முனையைப் பிரித்து வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் ஃபுல் வேவ் ஆர்.ஆர். யூனிட்டில் கொடுப்பார்கள். காயிலின் முழு சக்தியும் பேட்டரிக்கு வரும், எல்லா விளக்கும் டிசியில் எரியும். கை பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. வண்டியை நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு இதுதான் சரியான தீர்வு என்பது என் கருத்து.

மூன்றாம் படி: எர்த்தும் இணைப்புகளும்

டிசி வண்டியில் பேட்டரி சரியாக இருந்தால், மினுக்கலுக்கு நான் முதலில் தேடும் இடம் எர்த். பிளஸ் ஒயரை எல்லோரும் பார்ப்பார்கள். மைனஸ் எப்படித் திரும்பிப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் எர்த் ஒயர் பச்சை. பஜாஜில் பெரும்பாலும் கருப்பில் மஞ்சள் கோடு. யமஹாவில் கருப்பு. ஹோண்டாவில் கருப்பு என்பது சாவிக்குப் பின் வரும் பிளஸ் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி ஒயரைச் சேர்க்காதீர்கள். மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எர்த் சோதனை இப்படி: விளக்கு எரியட்டும். மீட்டரை டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. பிளஸ் பக்கமும் அப்படியே. பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பிளஸ் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

பழைய ஹாலஜன் இப்போதுதான் தேவைப்படுகிறது. எல்இடி இழுக்கும் மின்சாரம் ஓர் ஆம்பியர் அளவுதான் இருக்கும். அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் கெட்டுப்போன இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரியே அளவு காட்டும். 35 வாட் ஹாலஜன் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். அதை மாட்டி அளந்தால் ஒளிந்திருக்கும் குறை வெளியே வந்துவிடும். மீட்டரின் கன்டினியூட்டி சோதனையில் (ஒயர் அறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது) பீப் சத்தம் வருகிறது என்பதை வைத்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இருபது இழைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலே பீப் வரும்.

எங்கே அடைப்பு என்று தேட ஆட்டிப் பார்க்கும் சோதனைதான் சிறந்தது. சாதாரண மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவெடுக்கும், வேகமான மினுக்கலை அது பிடிக்காது. விளக்கையே மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். மாலை இருட்டில் விளக்கை எரியவிட்டு ஒவ்வொரு கப்ளராக, ஒவ்வொரு ஒயர்க் கட்டாக மெதுவாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தைத் தொடும்போது துடிக்கிறதோ அதுதான் இடம்.

சந்தேகப்பட வேண்டிய இடங்களில் முதலாவது ஹேண்டில் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர் அங்கே மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி, மேலே பிளாஸ்டிக் நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். சந்தேகமான ஒயரை மெதுவாக இழுத்தால் அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போடுங்கள். மடங்கும் இடத்திலேயே ஒட்டு வராமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும் என்பதால் அங்கே மடங்கினால் மறுபடியும் அறும்.

அடுத்தது, சேஸிஸில் எர்த் சேரும் போல்ட். பழைய வண்டியைப் புதுப்பித்து பவுடர் கோட்டிங் அடித்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டுக்குக் கீழே உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே ஜெல்லி தடவினால் ஏகப்பட்ட மர்மக் கோளாறுகள் ஒரே நாளில் தீரும். ஹெட்லைட் கூடான டூமுக்குள் இருக்கும் கப்ளர்களையும் கழற்றிப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். லூஸான பெண் முனையை (மறு முனை உள்ளே நுழையும் பக்கம்) நோஸ் பிளையரால் லேசாக நெருக்கி மாட்டுங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் இந்தக் களிம்பு சீக்கிரமே வரும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை டூமுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பல்பு ஹோல்டரையும் விடாதீர்கள். பார்க்கிங் லைட்டில் வரும் கண்ணாடி அடி பல்புக்குப் பதில் போடும் சின்ன எல்இடிகளில் மெல்லிய கம்பி இரண்டு பக்கமும் மடக்கி விட்டிருக்கும். அது ஹோல்டரில் சரியாகப் படாமல் குலுங்கும்போது அணையும். கம்பியைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் போதும். எரியவே இல்லை என்றால் திருப்பி மாட்டிப் பாருங்கள், எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. டெயில் லைட்டின் திருகு ஹோல்டரில் அடியில் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து அழுந்திக்கிடந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

நான்காம் படி: ஆர்.ஆர். யூனிட்டும் காயிலும்

பேட்டரி நன்றாக இருந்தும் முறுக்கும்போது வோல்டேஜ் 15ஐத் தாண்டினாலோ 13ஐத் தொடாமல் இருந்தாலோதான் இங்கே வர வேண்டும். ஆர்.ஆர். யூனிட்டின் அலுமினிய உடம்பு பல வண்டிகளில் எர்த்தாகவும் வேலை செய்யும். அதைக் கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். கப்ளரில் ஏதாவது முனை கருகி உருகியிருந்தால் கப்ளரையும் சேர்த்து மாற்ற வேண்டும். யூனிட்டை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும்.

மூன்று மஞ்சள் ஒயர் வரும் மூன்று ஃபேஸ் காயிலில், கப்ளரைக் கழற்றி, இஞ்சினை ஓட்டி, இரண்டிரண்டாக ஏசியில் அளக்க வேண்டும். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. இந்த வகையில் எந்த மஞ்சள் ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் முன்னே சொன்ன பழைய ஏசி வண்டிகளில் காயில் பாடியில் எர்த் ஆகித்தான் இருக்கும். அதைப் பார்த்து ஷார்ட் என்று நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால்

இது வேறு கதை. பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டி) இரண்டு 10 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது. எல்இடி ஒன்றிரண்டு வாட்தான் எடுக்கும். ஒரு பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதாக நினைத்து சில பிளாஷர்கள் வேகமாக அடிக்கும். சில துடிக்காமல் அப்படியே எரிந்து நிற்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை துடிப்பதுதான் முறை.

இதற்கு எல்இடிக்கென்று வரும் எலக்ட்ரானிக் பிளாஷரை மாற்றுங்கள். உங்களுடையது இரண்டு பின்னா மூன்று பின்னா என்று கழற்றிப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும், மற்ற ஊர்களில் எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். ரெசிஸ்டர் போட்டும் சரி செய்யலாம் என்பார்கள். 10 வாட் பல்புக்கு ஈடாக 15 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வேண்டும். துடிக்கும், ஆனால் எல்இடியில் மிச்சம் பிடித்த மின்சாரத்தை அது வெறும் சூடாக்கி வீணடிக்கும். அதை பிளாஸ்டிக் மீதோ ஒயர்க் கட்டோடோ சேர்த்துக் கட்டினால் உருகிவிடும். பிளாஷர் மாற்ற வழியே இல்லாத வண்டிக்கு மட்டும் ரெசிஸ்டர்.

பிளாஷர் மாற்றிய பிறகு இடது பக்கம் போட்டால் நான்கும் சேர்ந்து துடிக்கிறது என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இண்டிகேட்டர் பல்பு இருக்கும் வண்டிகளில் இது வரும். அந்தப் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே மாட்டியிருக்கும். இடது பக்க மின்சாரம் அதன் வழியாக வலது பக்கம் போய் அங்கிருக்கும் எல்இடியையும் எரியவைத்துவிடும். அந்தப் பல்பின் இரண்டு ஒயரையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4007 டயோடு சேருங்கள். டயோடில் வெள்ளிக் கோடு இருக்கும் பக்கங்களை ஒன்றாக இணைத்து பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள். பல்பின் மறு முனையை எர்த்தில் கொடுங்கள். இனி அந்தந்தப் பக்கம் மட்டுமே துடிக்கும்.

சூடு, பிரேக் சுவிட்ச், கூடுதல் விளக்கு

கால் மணி நேரம் கழித்து மினுக்கும் ஹெட்லைட்டில் இப்போதுதான் பல்பைக் குறை சொல்லலாம். எல்இடி முன்னால் வீசும் ஒளி குளிர்ச்சியாக இருந்தாலும் பின்பக்கம் நன்றாகச் சூடாகும். பல பல்புகளில் பின்னால் சின்ன ஃபேன் இருக்கும். தூசி அடைத்து அது நின்றுவிட்டால் டிரைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டும். ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். பின்னால் இருக்கும் ரப்பர் மூடி காற்றே போகாமல் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டப்பாவில் 100 வாட் என்று அச்சடித்து விற்கும் பல்புகளை நம்ப வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து 12ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

பிரேக் லைட் ஓடும்போது தானாக மினுக்கினால் பின்பிரேக் சுவிட்சைப் பாருங்கள். அதன் ஸ்பிரிங் அதிகம் இழுத்திருந்தால் ஒவ்வொரு குலுங்கலிலும் சுவிட்ச் தட்டும். நட்டைத் திருகிக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

மினுக்கல் இஞ்சின் ஓடும்போது மட்டும், ஸ்பார்க் பிளக் அடிக்கும் தாளத்தில் வருகிறது, மற்றது எல்லாம் சரி என்றால் பிளக்கையும் பிளக் கேப்பையும் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் கேப்பும் எழுப்பும் மின் இரைச்சல் மலிவான டிரைவர்களைத் தடுமாற வைக்கும். கம்பெனி சொன்ன பிளக்கையே போடுங்கள்.

ஃபாக் லைட் சேர்த்த பிறகு மினுக்கல் தொடங்கியிருந்தால் அது எங்கிருந்து சப்ளை எடுக்கிறது என்று பாருங்கள். ஹெட்லைட் ஒயரையோ ஹார்ன் ஒயரையோ சுரண்டி ஒட்டியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். இரண்டு 20 வாட் விளக்கு என்றால் 3 ஆம்பியருக்கு மேல் வரும். அந்தச் சுமையைத் தாங்க சின்ன சுவிட்சும் மெல்லிய ஒயரும் போதாது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ், நடுவில் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), எர்த்தும் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. கைப்பிடி சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

கம்பெனியே எல்இடி ஹெட்லைட் போட்டுத் தந்த வண்டியில் வாரண்டி இருக்கும்வரை ஒயரை வெட்டாதீர்கள். கப்ளரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது வரை நீங்கள் செய்யலாம். அதற்கு மேல் டிரைவரோடு சேர்ந்த முழு யூனிட்டாகத்தான் மாற்றுவார்கள். மினுக்கும்போது எடுத்த வீடியோவை சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள், ஏனென்றால் அங்கே நிறுத்தும்போது அது பெரும்பாலும் மினுக்காது.

எல்லாம் முடிந்ததும்

இருட்டிய பிறகு ஒரு சுற்று போய் வாருங்கள். ஐடிலிங், மெதுவான ஓட்டம், மேடு பள்ளம், முழுத் திருப்பம், இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்தில் என்று எல்லா நிலையிலும் பாருங்கள். திரும்பி வந்து சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி டிம் லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் இருக்கும் உயரத்தைவிடக் கொஞ்சம் கீழே விழ வேண்டும். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி போடும்போது ஒளி மேலே சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கலாம். பல்பைக் கழற்றி, அதன் எல்இடி சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்படியும் சிதறினால் அந்தப் பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை. அதை எடுத்துவிட்டு ஹாலஜனையே திரும்ப மாட்டுங்கள்.